பேனா வைத்த பழைய போன்: எட்டா, ஒன்பதா, பத்தா, இருபதா?

பழைய சாம்சங் கேலக்ஸி நோட் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: பேனாவை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? பாதிப் பேரிடம் இதற்குப் பதில் இருக்காது. "சும்மா, பேனா இருந்தா நல்லா இருக்குமே" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் காசுக்குப் பேனா இல்லாத புதுப் போனே வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரியாவது உருப்படியாக நிற்கும் என்பதுதான். இந்தப் பதிவு மீதிப் பாதிப் பேருக்கு. கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்கள், டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்கைப் போட்டுக் காட்டிப் படமாக அனுப்புபவர்கள், பொழுதுபோகாமல் படம் வரைபவர்கள், அப்புறம் என்னைப் போலப் பிழைதிருத்துபவர்கள்.

என் வேலை எளிமையானது. பக்கம் வடிவமைத்து முடித்ததும் பிடிஎஃப் வாட்ஸப்பில் வரும். முன்பெல்லாம் அச்செடுத்துச் சிவப்பு மையில் சுழித்து, அதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இப்போது பேருந்தில் உட்கார்ந்தபடியே போனில் சுழித்து அனுப்பிவிடுகிறேன். மெய்யெழுத்தின் புள்ளி விழுந்திருக்கிறதா, ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, 'ர'வுக்குப் பதில் கால் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டிய வேலை என்பதால் எனக்குத் திரை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, கூர்மையாகவும் இருக்க வேண்டும். என் தேர்வுகளில் இந்தச் சாய்வு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பேனா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பழைய போன் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நோட் வரிசையின் பேனாவுக்குள் எழுதுவதற்கென்று பேட்டரி கிடையாது. திரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அது காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறிய சுருள் அந்தப் புலத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு திருப்பி அதிர்கிறது, அதை வைத்துத்தான் முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் போன் கண்டுபிடிக்கிறது. வாக்கம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. முனை திரையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்றாலும் சுட்டிக்குறி தெரிவதும், உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுத முடிவதும் இதனால்தான். எல்ஜி ஸ்டைலஸ் போன்ற பழைய போன்களில் வந்த குச்சி அப்படியல்ல. அது விரலுக்குப் பதில் ஒரு ரப்பர் முனை, அவ்வளவுதான். அதில் கையெழுத்துப் போடலாம், பிழைதிருத்த முடியாது.

இதிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் முதல் லாபம்: பேனாவின் பேட்டரி செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 2018-இல் வந்த நோட் 9 முதல் பேனாவுக்குள் புளூடூத் வைத்தார்கள், அதற்காக ஒரு சிறு மின்சேமிப்பும் வைத்தார்கள். அது தூரத்திலிருந்து பேனாப் பொத்தானை அழுத்திப் படம் எடுப்பதற்கும், ஸ்லைடு தள்ளுவதற்கும் மட்டும். அது போனாலும் எழுத்து போகாது. கடைக்காரரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளலாம், மனசாட்சி உறுத்தினால் விட்டுவிடலாம்.

இரண்டாவது லாபம்: ஒரு தலைமுறைப் பேனா இன்னொரு தலைமுறைப் போனிலும் பெரும்பாலும் எழுதும். துளைக்குள் பொருந்தாது, ஆனால் எழுதும். ஸ்டெட்லர் நிறுவனம் பென்சில் வடிவத்திலேயே நோரிஸ் டிஜிட்டல் என்று ஒன்று போட்டிருக்கிறது, அதுவும் நோட் திரையில் எழுதும். கைக்கு அடக்கமாக இருப்பதால் வீட்டில் உட்கார்ந்து நிறையத் திருத்தும்போது எனக்கு அதுதான் வசதி. மடிக்கும் ஃபோல்டு போன்களுக்கென்று வந்த எஸ் பென் (சாம்சங் தன் பேனாவுக்கு வைத்த பெயர்) மட்டும் வேறு சாதி, அதை இந்தப் போன்களுக்கு வாங்காதீர்கள்.

சரி, போன்களுக்கு வருவோம்.

2011-இல் முதல் நோட் 5.3 அங்குலத் திரையோடு வந்தபோது இவ்வளவு பெரிய போனைக் காதில் வைத்துப் பேசுவதா என்று சிரித்தார்கள். இன்று மலிவுவிலைப் போனே அதைவிடப் பெரிது. அப்புறம் நோட் 2, 3, 4 என்று வருடத்துக்கு ஒன்று. நோட் 4 வரைக்கும் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், மெமரி கார்டு போடலாம். அந்த நினைப்பிலேயே இன்றும் நோட் 4 தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஆண்ட்ராய்டு 6-லேயே நின்றுபோன போன் அது, பல பிரதிகளில் உள்சேமிப்புச் சில்லு பழுதாகித் தானாக அணைந்து அணைந்து எரிவதும் ஊரறிந்த கதை. நோட் 5-இல் பேனாவைத் தலைகீழாகச் செருகினால் உள்ளே மாட்டிக்கொண்டு, இழுத்தால் பேனா உள்ளே இருப்பதை அறியும் சிறு பகுதி உடைந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது ஒன்றே போதும் வாங்காமலிருக்க. நோட் 6 என்று ஒன்று வரவேயில்லை. நோட் 7 கதை எல்லோருக்கும் தெரியும்: 2016 ஆகஸ்டில் வந்தது, பேட்டரி தீப்பிடித்தது, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், இன்று நாம் பயன்படுத்தும் 0.7 மில்லிமீட்டர் முனையும் 4,096 படி அழுத்த நுணுக்கமும் அந்தப் போனோடு வந்தவைதான். போன் போய்விட்டது, பேனா தங்கிவிட்டது.

நான் சொல்ல வருவதும் அதுதான். நோட் 8 தொடங்கி முனை அதேதான், அழுத்தப் படிகளும் அதேதான். எழுதும் அனுபவத்தில் பெரிய தாவல் 2020-இல் நோட் 20 அல்ட்ராவில்தான் வருகிறது. ஆக, எட்டுக்கும் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு பேனாவுக்கு அல்ல, பேட்டரிக்கும் திரைக்கும் இன்னும் எத்தனை நாள் செயலிகள் ஓடும் என்பதற்கும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் "அண்ணே, இதுல பேனா செம்மையா இருக்கும்" என்று சொல்வதைக் கேட்டு ஐந்தாயிரம் கூட்டிக் கொடுக்க மாட்டீர்கள்.

நோட் 8-ஐச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2017 செப்டம்பரில் இங்கே 67,900 ரூபாய்க்கு வந்தது. 6.3 அங்குலம், அருமையான திரை, 3,300 எம்ஏஎச் பேட்டரி. நோட் 7 கொடுத்த பயத்தில் பேட்டரியைச் சிறிதாகவே வைத்தார்கள், அது புதிதாக இருக்கும்போதே மாலைவரை இழுத்துப் பிடித்துத்தான் ஓடியது, இத்தனை வருடப் பழைய பேட்டரியில் கேட்கவே வேண்டாம். கைரேகை உணரி கேமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தினமும் லென்ஸில் விரல் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9-ஓடு நின்றுவிட்டது. யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக் குறிப்பேடாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோட் 9-தான் எல்லோரும் உருகும் போன், உருகுவதில் நியாயமும் இருக்கிறது. 4,000 எம்ஏஎச் பேட்டரி, 6.4 அங்குல குவாட் எச்டி திரை, மெமரி கார்டு போடும் இடம், ஹெட்போன் துளை, ஸ்டீரியோ ஒலி, தண்ணீர் புகாத ஐபி68, கம்பியில்லாத சார்ஜ். இவ்வளவையும் பேனாவோடு சேர்த்து ஒரே போனில் அதற்குப் பிறகு சாம்சங் வைக்கவே இல்லை. ஊதா நிறப் போனும், நீல நிறப் போனுக்கு மஞ்சள் பேனாவும் என்று பார்க்கவும் லட்சணமாக இருக்கும். திரையை அணைத்த நிலையில் பேனாவை உருவினால் கறுப்புத் திரையில் அப்படியே எழுதலாம். இது நோட் 5-லேயே வந்துவிட்ட வசதி, ஆனால் ஒன்பதில் பேனா நிறத்துக்கேற்ப எழுத்தின் நிறமும் மாறும், மஞ்சள் பேனா என்றால் மஞ்சள் எழுத்து. ஒன்றுக்கும் உதவாத விஷயம்தான், எனக்குப் பிடிக்கும்.

நான் இன்றும் பயன்படுத்துவது நோட் 9 தான், ஆனால் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதில் சிம் இல்லை. வங்கிச் செயலி இல்லை, யூபிஐ இல்லை. இணையம் வேண்டுமென்றால் இன்னொரு போனிலிருந்து ஹாட்ஸ்பாட். அது என் குறிப்பேடு, திருத்தும் பலகை, அவ்வளவுதான். ஏனென்றால் அது ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்களும் நின்று வருடங்களாகின்றன. பணம் புழங்கும் ஒரே போனாக அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டான லினியேஜ் ஓஎஸ் போட்டுப் புது ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோகலாம், வழி இருக்கிறது, கைவைத்துப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்த போனில் சில வங்கிச் செயலிகள் மறுபடி முரண்டுபிடிக்கும், சாம்சங்கின் சொந்தக் குறிப்புச் செயலியும் அதனோடு வந்த பேனா வசதிகளும் போய்விடும். பேனாவுக்காக வாங்கிவிட்டு அதையே இழப்பதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று, இந்தியாவுக்கு வந்த நோட் 9-இல் இருப்பது சாம்சங்கின் சொந்தச் சில்லான எக்ஸினோஸ் 9810. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் போனதில் ஸ்னாப்டிராகன் 845. ஸ்னாப்டிராகன் குறைவாகச் சூடாகும், பேட்டரி கொஞ்சம் கூட நிற்கும் என்பதால் இங்கே பழைய சந்தையில் வெளிநாட்டு செட்டுக்குத் தனி மவுசு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

2019-இல் ஒரே நேரத்தில் இரண்டாக வந்தது பத்து. நோட் 10 சிறியது, 6.3 அங்குலம். திரையின் நுணுக்கத்தை முழு எச்டியாகக் குறைத்தார்கள், மெமரி கார்டு இடத்தை எடுத்தார்கள், 3,500 எம்ஏஎச் பேட்டரி வைத்தார்கள், அதற்கு 69,999 ரூபாய் கேட்டார்கள். சிறிய கை உள்ளவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன், உண்மையிலேயே அடக்கமான போன். பத்து பிளஸ் வேறு ரகம்: 6.8 அங்குலம், குவாட் எச்டி, 4,300 எம்ஏஎச், 12 ஜிபி ராம், கார்டு போடலாம், எடையும் 200 கிராமுக்குள். இரண்டிலும் ஹெட்போன் துளை போய்விட்டது. இரண்டும் ஆண்ட்ராய்டு 12 வரை. பத்து பிளஸ்ஸின் திரையைப் பார்த்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு எரிச்சல் இருக்கிறது, அது ஏறக்குறைய இந்த வரிசை முழுவதற்கும் பொதுவானது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வளைந்த ஓரம். விளம்பரத்தில் பார்க்க அழகு. ஆனால் பேனா முனை அந்த வளைவில் ஏறும்போது வழுக்கும், கோடு கோணும், நிழல் வேறு அடிக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், குட்டிக் குட்டிச் சொல்லாக எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுவார். நாம் 'பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுத ஆரம்பித்தால் அது ஓரத்தில் போய்த்தான் முடியும். பிடிஎஃப்-இல் திருத்தும்போதும் அப்படித்தான், பிழையைச் சுழித்துவிட்டுத் திருத்தத்தைப் பக்க ஓரத்தில்தான் எழுத வேண்டும், பக்க ஓரம் திரையின் ஓரத்தில் இருக்கிறது. நோட் 8, 9, 10, 10 பிளஸ், 20 அல்ட்ரா, எஸ்22 அல்ட்ரா எல்லாவற்றிலும் கூடக்குறைய இந்த வளைவு உண்டு. ஒன்பதில் குறைவு, இருபது அல்ட்ராவில் தெரியும்படி இருக்கும்.

தட்டையான திரை வேண்டும் என்றால் நோட் 8-க்குப் பிறகு வந்த நோட்களில் இரண்டே இரண்டு. ஒன்று நோட் 10 லைட், இன்னொன்று நோட் 20. இதில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத லைட்தான் என் கணிப்பில் காசுக்கேற்ற போன்.

2020 ஜனவரியில் வந்தது அது, இங்கே 38,999 ரூபாயில் ஆரம்பம். உள்ளே இருப்பது நோட் 9-இன் அதே எக்ஸினோஸ் 9810. இரண்டு வருடப் பழைய சில்லைப் போட்டுவிட்டார்களே என்று அப்போது திட்டினார்கள். ஆனால் பாருங்கள், 4,500 எம்ஏஎச் பேட்டரி, 6.7 அங்குலத் தட்டைத் திரை, புளூடூத் பேனா, மெமரி கார்டு, ஹெட்போன் துளை, 25 வாட் சார்ஜ். அதோடு ஆண்ட்ராய்டு 10-இல் ஆரம்பித்து 13 வரை வந்தது, அதாவது ஒரு லட்சத்துக்கு மேல் விலைபோட்ட நோட் 20 அல்ட்ரா எங்கே நின்றதோ அங்கேயேதான் இதுவும் நிற்கிறது. குறையும் உண்டு. தண்ணீர் புகாது என்ற சான்று இல்லை, கம்பியில்லாத சார்ஜ் இல்லை, பின்பக்கம் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக், திரைக்குள் இருக்கும் கைரேகை உணரி மெதுவாகத்தான் கண்டுபிடிக்கும், திரை முழு எச்டிதான். புள்ளியைத் தேடும் என் கண்ணுக்கு ஒன்பதின் திரைதான் பிடிக்கிறது, அதனால்தான் இன்னும் மாறவில்லை. குறிப்பெடுக்க மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லைட். என் தங்கை மகன் பொறியியல் படிக்கிறான், "மாமா, பட்ஜெட் கம்மி, ஆனா டயகிராம் வரையணும்" என்றான், அவனுக்கும் இதைத்தான் சொன்னேன். "லைட்டா? பேரே ஒரு மாதிரி இருக்கே மாமா" என்றான். பேரைப் பார்த்து வாங்குகிறவர்களால்தான் இது மலிவாகக் கிடைக்கிறது என்றேன்.

நோட் 20-ஐ (அல்ட்ரா இல்லாதது) எனக்குப் பிடிக்காது. தட்டைத் திரை, சரி. ஆனால் 77,999 ரூபாய் போனுக்கு பிளாஸ்டிக் முதுகு, நொடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரை, மெமரி கார்டு இடமும் இல்லை. இங்கே விற்றது 4ஜி மட்டும். பழைய சந்தையில் லைட்டுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம், ஐபி68 ஒரு காரணம்.

நோட் 20 அல்ட்ரா அப்படி ஒதுக்கிவிடக்கூடிய போன் அல்ல. பேனாவில் உண்மையான மாற்றம் இங்கேதான் நடந்தது. முனையை இழுத்ததற்கும் கோடு தோன்றுவதற்கும் நடுவே உள்ள தாமதத்தை 9 மில்லி வினாடிக்குக் கொண்டுவந்தார்கள், அல்ட்ரா இல்லாத இருபதில் அது 26. எண்ணாகக் கேட்டால் ஒன்றும் தோன்றாது, நோட் 9-ஐயும் இதையும் அடுத்தடுத்து வைத்து வேகமாகக் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள், நோட் 9-இல் மை கொஞ்சம் பின்னால் ஓடிவருவது தெரியும், இதில் முனையோடேயே வரும். 120 ஹெர்ட்ஸ் திரையும் அதற்குத் துணை, ஆனால் 120 வேண்டுமென்றால் முழு எச்டியில்தான் ஓடும், குவாட் எச்டி வைத்தால் 60-க்கு இறங்கிவிடும். பேனாத் துளை மட்டும் இடப்பக்கத்துக்குப் போய்விட்டது, வலக்கைக்காரர்களுக்குப் பழகச் சில நாளாகும். பிடிஎஃப்-மேல் நேரடியாக எழுதுவது, குரலைப் பதிந்துகொண்டே எழுதி, பிறகு எழுத்தைத் தொட்டால் அந்த நேரத்துப் பேச்சு கேட்பது, இதெல்லாம் சாம்சங் நோட்ஸ் செயலியில் இந்தப் போனோடு வந்தவை. நேர்காணல் எடுப்பவர்களுக்கு அந்தக் குரல் வசதி பெரிய வரம்.

பிறகு ஏன் தயங்குகிறேன்? இந்தியாவுக்கு வந்தது எக்ஸினோஸ் 990, சூடாகும். சாம்சங்கின் சொந்த ஊரான கொரியாவிலேயே அந்த வருடம் ஸ்னாப்டிராகன்தான் விற்றார்கள், அதிலிருந்தே தெரியவில்லையா? ஆண்ட்ராய்டு 13-ஓடு முடிந்தது. அப்புறம் திரையில் திடீரென்று மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழும் தொல்லை இந்தத் தலைமுறை அமோலெட் போன்களில் நிறையப் பேருக்கு வந்தது. திரை மாற்றுவதற்கு ஆகும் செலவு பழைய போனின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஆக, கோடு விழுந்தால் போய்க் கேட்க ஒரு பில்லாவது இல்லாத நோட் 20 அல்ட்ராவைத் தொடவே தொடாதீர்கள்.

இதற்குப் பிறகு நோட் என்ற பெயரே போய்விட்டது. 2021-இல் வந்த எஸ்21 அல்ட்ராவில் பேனா எழுதும், ஆனால் தனியாக வாங்க வேண்டும், செருகி வைக்க இடமில்லை. பேனாவைச் சட்டைப்பையில் வைத்துத் தொலைப்பதற்கு ஏன் தனியாகக் காசு? 2022 பிப்ரவரியில் எஸ்22 அல்ட்ரா வந்தது, பெயர்தான் எஸ், ஆள் நோட் தான், துளையும் பேனாவும் திரும்ப வந்துவிட்டன. தாமதம் 2.8 மில்லி வினாடி. இந்தியாவில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1. பேட்டரி 5,000 எம்ஏஎச். ஆண்ட்ராய்டு 12-இல் ஆரம்பித்து நான்கு பெரிய மேம்பாடுகள், ஐந்து வருடப் பாதுகாப்புத் திருத்தங்கள் என்று சொல்லியே விற்றார்கள். மெமரி கார்டு இடம் கிடையாது, எடை 229 கிராம், சட்டைப்பை தொங்கும். அந்தச் சில்லும் சூடாகும் ரகம்தான், வெயிலில் கேமராவைத் திறந்து வைத்தால் தெரியும். ஆனாலும் ஒரே போன்தான் வைத்துக்கொள்வேன், யூபிஐ முதல் அலுவலகம் வரை எல்லாம் அதில்தான், பேனாவும் வேண்டும் என்பவருக்கு இதற்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன். முடிந்தால் ஒருபடி மேலே எஸ்23 அல்ட்ரா, சூட்டுப் பிரச்சினை அதில் நன்றாகக் குறைந்துவிட்டது. எஸ்24 அல்ட்ராவில் திரையையே தட்டையாக்கிவிட்டார்கள், ஆனால் அதைப் பழைய போன் என்று சொல்ல இன்னும் விலை இறங்க வேண்டும்.

இனி வாங்கும் கதை. சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் இணையத்தில் ரீஃபர்பிஷ்டு என்று விற்கிற கடையாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மாடல் எண். நோட் 9 என்றால் என்960எஃப் நமக்கானது. கடைசியில் யூ என்ற எழுத்து இருந்தால் அமெரிக்க செட்டு: ஒரே சிம், போனைப் போட்டதும் அந்த ஊர் நெட்வொர்க்கின் சின்னம் வரலாம், லாக் எடுத்த செட்டா என்று கேட்க வேண்டும். என் என்ற எழுத்தில் முடிந்தால் கொரியா செட்டு: கேமராவில் படமெடுத்தால் 'க்ளிக்' சத்தத்தை அணைக்கவே முடியாது, அந்த ஊர் விதி அப்படி. கல்யாண வீட்டில் பரவாயில்லை, நூலகத்தில் பழைய புத்தகத்தைப் படமெடுக்கும்போது தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். என்9600 என்று பூஜ்யத்தில் முடிவது ஹாங்காங், சீனா பக்கத்தது, ஸ்னாப்டிராகனும் இருக்கும் இரண்டு சிம்மும் போடலாம், கிடைத்தால் நல்லது. எந்த வெளிநாட்டு செட்டாக இருந்தாலும் ஒரு ஜியோ சிம்மைப் போட்டு அங்கேயே ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். 4ஜி இணையம் வரும், அழைப்பு போகாது என்ற நிலைமை உண்டு.

அடுத்தது திரை. டயலரில் *#0*# போட்டால் சோதனைப் பட்டியல் திறக்கும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒரே நிறம் காட்டிப் பார்த்தால் கீபோர்டின் நிழலோ மேலே கடிகாரத்தின் தழும்போ பதிந்திருப்பது தெரிந்துவிடும். அதே பட்டியலில் பேனாவுக்கும் தனிச் சோதனை இருக்கிறது, கட்டங்கள் எல்லாவற்றின் மீதும் பேனாவை ஓட்ட வேண்டும். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஏதாவது ஒரு பகுதியில் மட்டும் கோடு விட்டுப்போனால் முதலில் பவுச்சைக் கழற்றிப் பாருங்கள், காந்தம் வைத்த உறையாலும் அப்படி ஆகும். கழற்றியும் விட்டுப்போனால் தகடு பழுது, வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். விரல் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது, பேனா மட்டும் எங்குமே எழுதவில்லை என்றால் பெரும்பாலும் காப்பி காம்போ, அதாவது போலித் திரை, மாற்றிய செட்டாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கடையில் திரை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தபோதுதான் அது வெறும் குச்சியாகிவிட்டது தெரிந்தது. போய்க் கேட்டால் "டச் வொர்க் ஆகுதுல்ல சார்" என்றார்களாம்.

சாம்சங் போன்களில் பூட்டுப் பெட்டி மாதிரி வரும் செக்யூர் ஃபோல்டர் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காமல் அடம்பிடித்தால் போனின் மென்பொருளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. ஐஎம்இஐ எண்ணை *#06# போட்டு எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள், திருட்டு செட்டு வாங்கிவிட்டு அலைய வேண்டாம். பேட்டரி மாற்றிய போன் என்றால் நல்லதுதான், ஆனால் அதற்காக முதுகைப் பிரித்திருப்பார்கள், ஐபி68-ஐ அத்தோடு மறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் வண்டியில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தமிழில் கையால் எழுதி அதைத் தட்டச்சு எழுத்தாக மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு ஜிபோர்டில் தமிழ் கையெழுத்து விசைப்பலகை இருக்கிறது, நோட் 8-இல்கூட ஓடும், கூட்டெழுத்தாகக் கிறுக்கினாலும் ஓரளவு கண்டுபிடிக்கும். ஒற்றுப் புள்ளியைக் கடைசியில் மொத்தமாக வைக்காமல் அந்தந்த எழுத்துக்கு அப்போதே வைத்தால் பிழை குறைகிறது, இது என் அனுபவம். பேனா முனை தேய்ந்தால் பேனாவை மாற்ற வேண்டாம், முனை மட்டும் தனியாகக் கிடைக்கும், பழைய பெட்டியோடு வாங்கினால் உள்ளே ஒரு குட்டி இடுக்கியும் சில முனைகளும் இருக்க வாய்ப்புண்டு. பெட்டி இருக்கிறது என்று காட்டினால் அதைத் திறந்து அட்டைக்கு அடியில் பாருங்கள், விற்கிறவருக்கே அது இருப்பது தெரியாமல் இருக்கும்.